திங்கட்கிழமைச் சிநேகிதிகள்

ஆலீஸ் பாரிசுக்கு வந்து ஐந்து மாதமாகியும் அவளுடைய கைப்பேசியில் இந்த ஊர் எண்கள் நான்குதான் இருந்தன. கணவன் யோஹான், மாமியார், பல் வைத்தியர், பிரெஞ்சு வகுப்பு நடத்தும் சங்கத்தின் அலுவலகம். பல் வைத்தியரை எடுத்துவிட்டால் மூன்று.

அவள் லண்டனில் பிறந்தவள். பெற்றோர் மன்னாரிலிருந்து போனவர்கள். இருபத்தொன்பதாவது வயதில் தோஹாவில் ஓர் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலை கிடைத்து, பிரித்தானியக் கடவுச்சீட்டும் இரண்டு பெட்டிகளுமாகத் தனியே போய் இறங்கினாள். யோஹானை அங்கேதான் சந்தித்தாள். அவன் பாரிசில் வளர்ந்தவன். ஒரு பிரெஞ்சு நிறுவனத்துக்காகத் தோஹாவில் மின்பொறியாளனாக இருந்தான். கலியாணம் கட்டி ஆறு வருடம் அங்கேயே இருந்தார்கள். போன வருடம் யோஹானின் தகப்பன் இறந்ததும், தாயைத் தனியே விட முடியாது என்று பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலுக்கு வந்துவிட்டார்கள். மரக்கறிக் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில் மாமியாரின் வீடு.

தோஹாவில் சிநேகிதம் பிடிக்க அவள் ஒருநாளும் கஷ்டப்பட்டதில்லை. போய் இறங்கிய மூன்றாம் நாளே பக்கத்து வீட்டு ஸ்கொட்லாந்துக்காரி கேக்கோடு வந்து கதவைத் தட்டினாள். வெள்ளிக்கிழமை காலையில் தன் வீட்டில் எல்லோரும் கூடுவார்கள், நீயும் வா என்றாள். எல்லோரும் என்றால் ஏழெட்டுப் பெண்கள். ஆசிரியைகள், தாதிகள், எண்ணெய்க் கம்பெனிக்காரரின் மனைவிகள். அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கிழமைக்கு ஒருத்தி, அந்த ஊரில் வேறு எவருக்கும் தெரியாத ஒன்றைச் சொல்லவேண்டும். ஒருத்தி தன் தம்பி சிறையில் இருப்பதைச் சொன்னாள். இன்னொருத்தி புருஷனை விட்டுப் போக ஆயத்தமாக ஒரு பெட்டியை அடுக்கி வைத்திருப்பதைச் சொன்னாள். அழுவார்கள், கட்டிப்பிடிப்பார்கள், பிறகு முட்டைப் பொரியல் சாப்பிடுவார்கள். ஜூன் மாதம் வந்தால் பாதிப் பேர் வேலை ஒப்பந்தம் முடிந்து, சோபாவையும் குளிர்சாதனப் பெட்டியையும் விற்றுவிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள். கேட்ட இரகசியங்களும் அவர்களோடு விமானம் ஏறிவிடும்.

லா சப்பலில் அவளோடு யாரும் கதைக்காமல் விட்டார்கள் என்று சொல்ல முடியாது. கடையில், கோயிலில், மாடிப்படியில் எல்லோரும் கதைத்தார்கள்.

"எந்த ஊர் பிள்ளை?"

"மன்னார்."

"மன்னாரிலை எவடம்? ஆற்றை மோள்?"

ஆலீசுக்கு அதற்கு மேல் தெரியாது. தகப்பன் பதினெட்டு வயதில் வெளிக்கிட்டவர்; ஊரைப் பற்றி அவர் வாய் திறந்ததே இல்லை. அவள் தடுமாறுவதைப் பார்த்துவிட்டு, "லண்டன் பெட்டை என்ன" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். தோஹாவில் அவளை 'எக்ஸ்பாட்', வெளிநாட்டிலிருந்து வந்த உத்தியோகத்தர், என்றார்கள். அதே பள்ளிக்கூடத்தின் பஸ்ஸை ஓட்டிய முல்லைத்தீவுக்காரரை ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை என்பதை அவள் அப்போது யோசித்ததும் இல்லை. இங்கே அந்தச் சொல் எவருக்கும் தேவைப்படவில்லை. வதிவிட அட்டைக்காக விடியற்காலையில் வரிசையில் நின்றபோது, முன்னுக்கு நின்ற மாலி நாட்டுக்காரனும் பின்னுக்கு நின்ற வங்காளியும் அவளும் ஒரே மாதிரித்தான் காலை மாற்றி மாற்றி ஊன்றினார்கள்.

றஜனியைச் சந்தித்தது ஒரு சேலைக் கடையில். மாமியாரின் உறவினர் வீட்டுப் பிள்ளை தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கும் விழா. சேலை கட்டிக்கொண்டு வரவேண்டும் என்று மாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கடையில் நின்ற பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். நல்ல உயரம், மெல்லிய குரல், இடுப்பில் அளவு நாடா.

"உடுக்கத் தெரியுமோ?"

"தெரியாது."

"வாரும் இஞ்சாலை" என்று கண்ணாடிக்கு முன்னால் இழுத்துக்கொண்டு போய்க் கொய்யகத்தை மடித்துக் காட்டினாள். ஊசிகளை உதட்டுக்கிடையில் பிடித்திருந்தாள். ஐந்து மாதத்தில் இவ்வளவு நேரம் தன் பக்கத்தில் ஒரு பெண் நின்றது அதுதான் முதல் தடவை என்று ஆலீசுக்குப் பட்டது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அக்கா, நான் இந்த ஊருக்குப் புதுசு. எனக்கு இஞ்சை ஒருத்தரையும் தெரியாது. நீங்கள் எனக்குச் சிநேகிதியா இருப்பீங்களோ?"

றஜனி ஊசிகளைக் கையில் எடுத்துவிட்டுச் சிரித்தாள். "ஐயோ, விழுங்கப் பாத்தன். இருவத்திரண்டு வரியம் இந்த ஊரிலை இருக்கிறன். இப்பிடி ஒருத்தரும் என்னட்டைக் கேட்டதில்லை."

"அப்ப என்ன சொல்லுறீங்கள்?"

"திங்கட்கிழமை கடை பூட்டு. தேத்தண்ணி தருவியோ?"

திங்கட்கிழமைகளில் மாமியார் பக்கத்துப் பகுதியான ஸ்டாலின்கிராட்டில் இருந்த தங்கை வீட்டுக்குப் போய்விடுவார். யோஹான் வேலைக்கு. மூன்றாம் மாடி வீடு ஆலீசுக்கு மட்டும்தான். அடுத்த திங்கள் றஜனி வந்தாள். அதற்கடுத்த திங்கள் தன் கடைக்கு வரும் சுபாங்கியையும் கூட்டிக்கொண்டு வந்தாள். சுபாங்கி காப்புறுதி அலுவலகம் ஒன்றில் பகுதிநேர வேலை செய்தாள். முப்பத்தைந்து வயது, வாய் ஓயாது. மத்தியானம் மூவரும் சேர்ந்து சமைப்பார்கள். ஆலீஸ் பாஸ்தா செய்வாள், றஜனி அதன்மேல் இரகசியமாக மிளகாய்த்தூள் தூவுவாள். றஜனி இடியப்பம் பிழிவாள், ஆலீஸ் முள்ளுக்கரண்டியால் சாப்பிட்டு ஏச்சு வாங்குவாள். அந்த மாதங்களில் ஆலீஸ் மாலையில் யோஹானிடம் பாட்டுப்போலக் கதைத்தாள். "நீர் இப்பத்தான் இஞ்சை வந்து இறங்கியிருக்கிறீர்" என்றான் அவன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் தோஹா வழக்கத்தைச் சொன்னாள்.

சுபாங்கி உடனே இல்லையென்று தலையாட்டினாள். "இஞ்சை அது சரிவராதக்கா. அங்கை எல்லாரும் போற ஆக்கள். நாங்கள் சாகும் வரைக்கும் இந்த ரோட்டிலைதான் மரக்கறி வாங்கப் போறம்."

"இந்த அறைக்குள்ளை மட்டும்தான். சத்தியமா."

"சரி, நான் சொல்லுறன். எனக்கு என்ரை மாமியின்ரை புட்டுப் பிடிக்காது. பத்து வரியமா நல்லாயிருக்கு எண்டு சொல்லிச் சாப்பிடுறன்."

சிரித்து முடிந்ததும் ஆலீஸ் சொன்னாள். தோஹாவில் இரண்டு தடவை கர்ப்பம் தங்கிக் கலைந்தது. இரண்டாவது ஐந்தாம் மாதத்தில். மாமியாருக்குத் தெரியாது. பிள்ளை வேண்டாமென்று இவள்தான் தள்ளிப்போடுகிறாள் என்று மாமியார் நினைத்துக்கொண்டிருக்கிறார். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டிருக்கிறாள். ஏனென்றால் அவர் அழுதால் அவளால் தாங்க முடியாது.

றஜனி எழுந்து வந்து அவளுடைய தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அப்படியே நின்றபடி சொன்னாள்:

"பேனாட் துலூசிலை வேலை செய்யேல்லை."

றஜனியின் கணவன் பேனாட், தெற்கே துலூஸ் நகரத்தில் ஓர் உணவகத்தில் தலைமைச் சமையல்காரர் என்பது தெருவுக்கே தெரியும். மாதத்தில் முதல் சனிக்கிழமை வீட்டுக்கு வருவார். அன்றைக்கு றஜனி கடையில் லீவு எடுப்பாள். முதல் நாளே நண்டும் ஆட்டிறைச்சியும் வாங்குவாள். "அவர் வந்திருக்கிறார்" என்பாள்.

"துலூசிலைதான் இருக்கிறார். ஆனா அங்கை அவருக்கு ஒரு குடும்பம் இருக்கு. மூண்டு வயசிலை ஒரு பொடியனும். நாலு வரியமா இந்த வீட்டுப் படி மிதிக்கேல்லை. நண்டை நானும் மோள் சுஜானியும்தான் மூண்டு நாளா வைச்சுத் தின்னுறம்."

"ஏனக்கா ஒருத்தருக்கும் சொல்லேல்லை?" என்றாள் சுபாங்கி.

"முதல் மாசம் திரும்பி வருவார் எண்டு நினைச்சுச் சொல்லேல்லை. பிறகு சொல்லுற காலம் போட்டுது. இப்ப சுஜானிக்குக் கலியாணம் பேசி வந்திருக்கு. ஓகஸ்ட்டிலை வந்து ஒரு நாள் கோயிலிலை நிக்கிறன் எண்டு ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்த ஒரு நாள் போதும் எனக்கு. பிறகு என்னவும் ஆகட்டும்."

அன்று மத்தியானம் சாப்பாடு ஆறிப்போனது. போகும்போது றஜனி படிக்கட்டில் நின்று திரும்பி, "நெஞ்சுக்குள்ளை இருந்த கல்லை எடுத்துக் கீழை வைச்ச மாதிரி இருக்கு பிள்ளை" என்றாள். ஆலீஸ் அன்றைய இரவு முழுவதும் அந்த வார்த்தையை நினைத்து மகிழ்ந்தாள்.

மே மாதத்தில் ஒரு ஞாயிறு, புறநகரான திரான்சியிலிருந்து அருள்மலர் என்ற பெண்மணி மாமியாரைப் பார்க்க வந்தார். இருவரும் மன்னாரில் ஒரே கோயிற்பங்கைச் சேர்ந்தவர்கள். ஆலீஸ் தேநீரும் பணிஸும் கொண்டுவந்து வைத்தாள். கொஞ்ச நேரம் உறவினர்களின் சுகம் விசாரித்துவிட்டு அருள்மலர் ஆலீசின் பக்கம் திரும்பினார்.

"சேலைக் கடை றஜனி உம்மோடை நல்ல சேர்த்தியாம். மாமி சொன்னவ."

"ஓம் அன்ரி. நல்ல சிநேகிதி."

"எங்கடை டெனிஸ்டனுக்கு அவவின்ரை மகளைப் பாத்திருக்கிறம். அதுதான் கேக்கிறன். எப்பிடி ஆக்கள்?"

சுஜானிக்கு மாப்பிள்ளை பார்த்திருப்பது திரான்சியில் என்று அவளுக்குத் தெரியும். அந்த மாப்பிள்ளையின் தாய் தன்னிடமே வந்து கேட்பார் என்று நினைக்கவில்லை. தன் சிநேகிதிக்கு நல்லது செய்ய இப்படி ஒரு சந்தர்ப்பம். தனக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்களில் ஆக நல்லவற்றை எல்லாம் தேடி எடுத்தாள்.

"அன்ரி, அவவைப் போல ஒரு ஆளை நான் பாத்ததில்லை. அந்தப் பிள்ளையைத் தனிய நிண்டு ஆளாக்கினவ. நாலு வரியமா ஒருத்தற்றை உதவியும் இல்லாமல்..."

தேநீர்க் கோப்பை அருள்மலரின் உதட்டருகில் நின்றது.

"தனியவோ?"

"இல்லை... அவர் தூரத்திலை வேலை எண்டபடியாலை... அதைத்தான்..."

"ஓ. தூரத்திலை வேலை." அருள்மலர் கோப்பையைத் தட்டில் வைத்தார். மாமியார் ஆலீசின் முகத்தைப் பார்த்தார். பிறகு இருவரும் லூர்து யாத்திரையைப் பற்றிக் கதைத்தார்கள். ஆலீஸ் குசினிக்குள் போய் நீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

மறுநாள் திங்கட்கிழமை றஜனி வந்தாள். கலியாணச் சேலைக்குக் கடை முதலாளி விலை குறைத்துத் தருவதாகச் சொன்னதைச் சொன்னாள். ஆலீஸ் சொல்ல வாயெடுத்தாள். பிறகு, அருள்மலர் ஒன்றும் கவனித்திருக்க மாட்டார் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அடுத்த இரண்டு திங்களும் அப்படியே போயின. 'தூரத்தில் வேலை' என்று தான் திருத்தியது நன்றாகத்தான் இருந்தது என்று நம்பத் தொடங்கியிருந்தாள்.

மூன்றாம் கிழமை நடுவில், அலுவலக நேரத்தில், சுபாங்கி வந்து கதவைத் தட்டினாள். கண்கள் வீங்கியிருந்தன.

"றஜனியக்கா என்னைக் கடைக்குக் கூப்பிட்டுப் பேசிப்போட்டா. ஆக்களுக்கு முன்னாலை. நாலு பேர் சேலை பாத்துக்கொண்டு நிண்டவை. என்னை நாக்கு நீண்டவள் எண்டு, வீடு குலைக்கிறவள் எண்டு..."

"ஏன்?"

"டெனிஸ்டன் வீட்டுக்காரர் வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டினமாம். துலூசிலை ஆரையோ பிடிச்சு விசாரிச்சு எல்லாம் அறிஞ்சிட்டினமாம். எங்கள் ரண்டு பேருக்கும்தான் தெரியுமாம். நீங்கள் லண்டன் பிள்ளை, உங்களுக்கு இஞ்சை ஒருத்தரையும் தெரியாது, அப்ப நான்தானாம். அக்கா, நான் என்ரை புருஷனுக்குக் கூடச் சொல்லேல்லை."

ஆலீஸ் கதிரையில் உட்கார்ந்தாள். சுபாங்கி அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல மெல்ல அவளுடைய அழுகை நின்றது.

"நீங்களோ?" என்றாள்.

ஆலீஸ் சப்பாத்தைக் கூட ஒழுங்காகக் கொழுவாமல் படியிறங்கினாள்.

கடையில் அந்த நேரம் ஒருவரும் இல்லை. றஜனி மேசையில் விரிந்து கிடந்த சேலை ஒன்றை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "வா பிள்ளை. கேள்விப்பட்டியோ?" என்றாள்.

"றஜனியக்கா, சுபாங்கி இல்லை. நான்தான்."

"என்ன நான்தான்?"

"அருள்மலர் அன்ரி வீட்டை வந்தவ. உங்களைப் பற்றிக் கேட்டவ. நான் உங்களைப் பெருமையாச் சொல்லப் போய்... தனிய நிண்டு ஆளாக்கினவ எண்டு சொல்லிப்போட்டன். ஒரே ஒரு வார்த்தைதான். உடனை மாத்திச் சொன்னனான்..."

றஜனியின் கை சேலையின் மேல் அப்படியே நின்றது.

"எப்ப?"

"மூண்டு கிழமைக்கு முன்னம்."

"மூண்டு கிழமை." அவள் அதை மெதுவாகத் திரும்பச் சொன்னாள். "வாய் தவறினது மனுசருக்கு நடக்கிறது. அண்டைக்குப் பின்னேரமே ஒரு போன் அடிச்சிருந்தால் நானே நேரை போய் அருள்மலரோடை கதைச்சிருப்பன். என்ரை வாயாலை கேட்டிருந்தால் அந்த மனுசி வேறை மாதிரி யோசிச்சிருக்கும். மூண்டு திங்கள் என்ரை முகத்தைப் பாத்துப் பாத்துச் சோறு போட்டனீ. நான் பழியைச் சுபாங்கியிலை போட்டு, நாலு பேருக்கு முன்னாலை அவளை நாறடிச்சன்."

"பயமா இருந்தது அக்கா. உங்களை விட்டால் எனக்கு ஒருத்தரும் இல்லை."

வாசல் மணி கிணுகிணுத்தது. இரண்டு பெண்கள் உள்ளே வந்தார்கள். றஜனி சேலையை மடித்து முடித்து அடுக்கில் வைத்தாள். "வாங்கோ, வாங்கோ" என்று அவர்களைப் பார்த்துச் சொன்னாள். பிறகு ஆலீசிடம் திரும்பி, அதே மெல்லிய குரலில், "உங்களுக்கு வேறை ஏதும் எடுக்க வேணுமோ?" என்று கேட்டாள்.

அந்தக் கோடை ஆலீசுக்கு மிக நீண்டதாக இருந்தது. றஜனி அந்த வாரமே சுபாங்கியின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டாள். சுபாங்கி ஆலீசைத் தெருவில் கண்டு, "எனக்கு உங்களிலை கோவம் இல்லையக்கா. ஆனா திங்கட்கிழமை வரமாட்டன்" என்றாள். கடைக்குச் சேலை வாங்க வராத பெண்களெல்லாம் வந்து துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, "பேனாட் அண்ணை இந்த மாசம் வந்தவரோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்களாம். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் றஜனியும் சுஜானியும் கடைசி வரிசை வாங்குக்குப் போய்விட்டார்கள்.

ஆலீஸ் ஒருநாள் பஸ் பிடித்துத் திரான்சிக்குப் போனாள். அருள்மலர் உபசரித்துத்தான் பேசினார்.

"தகப்பன் விட்டிட்டுப் போனதுக்காக நாங்கள் நிப்பாட்டேல்லை பிள்ளை. அது அந்த மனுசன்ரை பிழை. நாலு வரியமா ஒரு ஊரையே நம்ப வைச்சவ நாளைக்கு எங்களுக்கும் எதை மறைப்பா எண்டு யோசிச்சம்."

"உண்மையைச் சொல்லியிருந்தால் பேசி வந்திருப்பீங்களோ அன்ரி?"

அருள்மலர் "தெரியாது" என்றார். டெனிஸ்டன் பக்கத்து அறையில் உதைபந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். கதவு திறந்துதான் இருந்தது. அவன் தலையைத் திருப்பவே இல்லை.

ஜூலையில் யோஹானுக்கு அபுதாபியிலிருந்து ஒரு வேலை அழைப்பு வந்தது. அம்மா இப்போது தேறிவிட்டார், பக்கத்தில் சித்தி இருக்கிறார் என்றான். "நீர் இஞ்சை சாப்பிடுறேல்லை, சிரிக்கிறேல்லை. திரும்பிப் போவம். அங்கை உமக்கு ஒரு மாசத்திலை பத்துச் சிநேகிதிகள் வந்திடுவினம்."

"அதுதான் பயம்" என்றாள் ஆலீஸ். "அங்கை போனால் ஒரு வெள்ளிக்கிழமை ஆற்றையோ வீட்டிலை இருந்து இந்தக் கதையை என்ரை இரகசியம் எண்டு சொல்லுவன். எல்லாரும் என்னைக் கட்டிப்பிடிச்சு, பாவம் நீ, நல்லதைத்தானே நினைச்சாய் எண்டு சொல்லுவினம். எனக்கும் ஆறியிடும். எனக்கு அப்பிடி ஆறக் கூடாது."

யோஹான் அந்த வேலை வேண்டாமென்று எழுதி மறுத்துவிட்டான்.

ஓகஸ்ட்டில் ஒரு மத்தியானம் மாமியார் தட்டில் சோறு போட்டபடி, "வயசு போகுதெல்லோ பிள்ளை. எத்தினை நாளைக்கு வேண்டாம் வேண்டாம் எண்டு இருக்கப் போறீர்?" என்றார். எப்போதும் கேட்பதுதான். ஆனால் அன்று ஆலீசின் கை சோற்றில் நின்றுவிட்டது. மாமியாருக்கு இன்னும் தெரியாது. மாமியார் கிழமைக்கு ஒரு தடவையாவது றஜனியைக் கோயிலில் காண்கிறார். அவளுடைய மகளின் கலியாணம் குழம்பி மூன்று மாதமாகிறது. பதிலுக்கு றஜனி ஒரு வார்த்தை விட்டிருந்தால் போதும்; விடவில்லை.

ஆலீஸ் சோற்றை ஒதுக்கிவிட்டு, "மாமி, நான் உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும்" என்றாள். கலைந்த இரண்டையும் சொன்னாள், மாதக் கணக்கோடு. மாமியார் அழுதார். அவள் பயந்த அளவுக்கு அழவில்லை. அழுது முடிந்ததும், "எனக்கும் யோஹானுக்கு முதல் ஒண்டு போனது" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனார்.

செப்டெம்பரில் ஒரு புதன்கிழமை கைப்பேசி அடித்தது. றஜனியின் பெயர் திரையில் வந்ததும் ஆலீஸ் எழுந்து நின்றுவிட்டாள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு உனக்கு வேலை இருக்கோ?"

"இல்லை அக்கா."

"கார் து நோர் ஸ்ரேசனுக்குப் பக்கத்திலை ஒரு வழக்கறிஞரைச் சந்திக்க ரொந்தேவு எடுத்திருக்கிறன். பேனாட்டோடை உள்ள கலியாணத்தை எழுத்திலை முடிக்கப் போறன். தனியப் போக ஒரு மாதிரி இருக்கு."

மறுநாள் இருவரும் கடைத்தெரு வழியாக நடந்தே போனார்கள். வழக்கறிஞரின் காத்திருப்பு அறையில் நான்கு கதிரைகளும் வாடிய ஒரு செடியும் இருந்தன. றஜனி மடியில் பிளாஸ்டிக் கோப்பு ஒன்றை வைத்திருந்தாள். அதற்குள் கலியாணப் பதிவு, வாடகைப் பற்றுச்சீட்டுகள், சுஜானியின் பிறப்புப் பத்திரம்.

"சுஜானி எப்பிடி?" என்று ஆலீஸ் கேட்டாள்.

"அந்தப் பொடியனுக்காக ரண்டு கிழமை அழுதாள். பிறகு ஒருநாள் பிரெஞ்சிலை சொல்லுறாள், அப்பா வந்து கையைப் பிடிச்சுக் கோயிலுக்குள்ளை கூட்டிக்கொண்டு போறதை நினைக்க அருவருப்பிலை சத்தி வந்ததாம். எனக்காகத்தான் ஓம் எண்டவளாம். நான் அதை ஒருநாளும் அவளட்டைக் கேக்கேல்லை."

"என்னை ஏனக்கா கூப்பிட்டனீங்கள்?"

றஜனி கோப்பின் நுனியை நகத்தால் சுரண்டினாள். "மோளுக்கு முன்னாலை சில கதை கதைக்கேலாது. சுபாங்கியைக் கேக்க எனக்கு முகம் இல்லை. வேறை ஆரைக் கூட்டிக்கொண்டு வந்தாலும் பின்னேரத்துக்கிடையிலை கடைத்தெருவுக்கே தெரியும். நீ வெளியிலை சொல்லுறதுக்கு இனி என்னட்டை ஒண்டும் மிச்சம் இல்லை."

ஆலீஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கோவம் போட்டுது எண்டு நினைக்காதை" என்றாள் றஜனி. "உன்ரை பேரைப் போனிலை அழுத்தவே எனக்கு ஒரு கிழமை பிடிச்சது."

"தெரியும் அக்கா."

"உன்ரை கதையை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"அதுவும் தெரியும். மாமிக்கு நானே சொல்லிப்போட்டன்."

றஜனி முதல் முறையாக அவளை நேராகப் பார்த்தாள். ஏதோ கேட்க வந்தாள். அதற்குள் கதவு திறந்து, ஒரு பெண் றஜனியின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தாள். றஜனி எழுந்து சேலை மடிப்பைச் சரிசெய்து, பத்திரங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். ஆலீஸ் ஒரு மணி நேரம் அந்தக் கதிரையிலேயே இருந்தாள். உள்ளிருந்து ஒரு சத்தமும் கேட்கவில்லை.

வெளியே வந்தபோது றஜனியின் கண் சிவந்திருந்தது. ஆனால் நடை விரைவாக இருந்தது. "அவர் சம்மதிச்சால் கெதியா முடியுமாம். சம்மதிப்பார். அவருக்கும் இது தேவைதானே" என்றாள். லா சப்பல் மூலையில், மீன்கடைக்கு முன்னால், கோயிலில் பழக்கமான இரண்டு பெண்கள் எதிரே வந்தார்கள். றஜனியையும் ஆலீசையும் சேர்த்துக் கண்டதும் அவர்களுடைய பேச்சு நின்றது. ஆலீஸ் ஓர் அடி பின்வாங்கினாள். றஜனி நிற்கவில்லை, அவர்களுக்கு ஒரு தலையசைப்பைக் கொடுத்துவிட்டுத் தாண்டிப் போனாள்.

கடை வாசலில் திறப்பை எடுத்தபடி சொன்னாள்: "அடுத்த ரொந்தேவு வாற மாசம் பதினேழாம் திகதி. ஒன்பதரைக்கு வெளிக்கிட வேணும்."

"வாறன்."

"பிந்தாதை" என்று சொல்லிவிட்டு றஜனி இரும்புக் கதவை மேலே தள்ளினாள். அது பாதியில் இறுகி நின்றது. ஆலீஸ் கை கொடுத்தாள், இருவருமாகத் தள்ளினார்கள்.